ஏரித் தண்ணீரில் இல்லை, பறவையின் கொழுப்பில் இருந்தது



பூச்சி மருந்தைப் பற்றி எங்கே பேசினாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கும். "ஐயா, மருந்து அடிச்சுப் பதினைஞ்சு நாளாச்சு. நடுவிலே ரெண்டு மழையும் பெய்து கழுவிட்டுது. காயிலே வாடையும் இல்லே, கசப்பும் இல்லே. அப்புறமும் அதிலே மருந்து இருக்குன்னு சொல்றீங்களே, அதை யார் பார்த்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கண்ணுக்குத் தெரியாததை, மூக்குக்கு எட்டாததை, நாக்குக்குப் புரியாததை எப்படி அளந்தார்கள்? இன்று அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். கதை நடந்ததெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டில். ஆனால் அது நம் மாட்டுத் தொழுவம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். 'பத்து லட்சத்தில் ஒரு பங்கு' என்று ஆய்வுக்கூடத்தார் சொல்வார்கள். நமக்கு நெல் கணக்கில் சொன்னால் விளங்கும். ஓரளவு தடித்த நெல் ஆயிரம் மணி எடுத்தால் சுமார் 25 கிராம் இருக்கும். அப்படியானால் பத்து லட்சம் மணி 25 கிலோ. 75 கிலோ மூட்டை ஒன்றில் முப்பது லட்சம் மணி. ஒரு மூட்டை நெல்லில் மூன்றே மூன்று மணியைச் சிவப்புச் சாயத்தில் நனைத்துப் போட்டுக் கலக்கிவிட்டால், அதுதான் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதைப் போல ஆயிரத்தில் ஒன்று, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு என்றால், 333 மூட்டை நெல்லுக்கு ஒரு மணி. லாரி லாரியாகக் கொட்டி வைத்த அம்பாரத்தில் அந்த ஒற்றை மணியைத் தேட வேண்டும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசிலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னாலே வேண்டியிருக்கும்.

பழைய காலத்தில் விஷம் என்றால் பாஷாணம், அதாவது ஆர்சனிக். இங்கிலாந்தில் 1830களின் தொடக்கத்தில் ஒரு வழக்கு. காப்பியில் பாஷாணம் கலந்து தாத்தாவைக் கொன்றதாகப் பேரன் மேல் குற்றச்சாட்டு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயன நிபுணர் சோதித்துப் பார்த்தார், மஞ்சள் வண்டல் இறங்கியது, பாஷாணம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதற்குள் வண்டல் கெட்டுப் போய்விட்டது. ஜூரிகள் நம்பவில்லை, பேரன் விடுதலை. மார்ஷுக்கு அது பொறுக்கவில்லை. உட்கார்ந்து வேறு முறை ஒன்றைக் கண்டுபிடித்து 1836இல் வெளியிட்டார். சந்தேகப்படும் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் ஒரு வாயு கிளம்பும். அதைக் கண்ணாடிக் குழாய் வழியே விட்டுச் சூடு காட்டினால், குழாயின் உள்பக்கத்தில் கறுப்பாகக் கண்ணாடி போல ஒரு பூச்சு படியும். அது கெடாது, யாருக்கும் எடுத்துக் காட்டலாம். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு பாஷாணம் இருந்தாலே காட்டிக் கொடுத்துவிடும்.

இது கொலை வழக்குக்கு வந்த முறை. விவசாயிக்கு எங்கே வந்தது என்றால், ஆப்பிள் பழத்தில் வந்தது. அமெரிக்காவில் ஆப்பிளைத் துளைக்கும் புழுவுக்கு ஈய ஆர்சனேட் என்ற மருந்தை அடித்தார்கள். பாஷாணமும் ஈயமும் சேர்ந்த சரக்கு அது. பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்து நிற்கும். 1925இல் லண்டனில் ஒரு குடும்பம் அமெரிக்க ஆப்பிளைத் தின்று நோயில் விழுந்தது. சோதித்தால் தோலில் பாஷாணம். உங்கள் பழமே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று பிரிட்டன் மிரட்டியது. ராத்தலுக்கு ஒரு கிரெயினில் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு நடைமுறைக்கு வந்தது. நம் கணக்கில் மூட்டைக்கு நாலு மணி. அதற்குப் பிறகுதான் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பழத்தை நீர்த்த அமிலத்தில் கழுவி, தண்ணீரில் அலசி, அப்புறம் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்கள். விளைபொருளின் மேல் தங்குகிற மருந்துக்கு நஞ்சு எச்சம் என்று பெயர். அதை அளந்து பார்த்துச் சந்தையை மூடுவதும் திறப்பதும் சுமார் நூறு வருஷத்துச் சங்கதி என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

பிறகு டி.டி.டி. வந்தது. அதை 1874இலேயே ஒரு மாணவர் செய்து வைத்திருந்தார், எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு. டைபஸ் காய்ச்சலையும் மலேரியாவையும் அது அடக்கியது பொய்யல்ல. நம் நாட்டிலும் அது காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமல்ல. இன்று அதைத் திட்டுவது சுலபம். மலேரியாவில் நடுங்கிக் கிடந்தவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

இந்த டி.டி.டி.க்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, சீக்கிரம் அழியாது. மற்றொன்று, தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கைவிளக்கெண்ணெய் பட்ட கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் போகிறதா? அது மாதிரி. தண்ணீரில் போட்டால் அது தண்ணீரை விட்டுவிட்டு எங்கே கொழுப்பு இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டாவது குணம்தான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே சுமார் நூறு மைல் தூரத்தில் ஒரு பெரிய ஏரி. பெயர் கிளியர் லேக், தெளிந்த ஏரி என்று அர்த்தம். பெயர்தான் அப்படி, தண்ணீர் கலங்கல்தான். மீன் பிடிக்கவும் கோடை தங்கவும் ஜனங்கள் வருவார்கள். அங்கே கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி. கடிக்காது, ரத்தம் குடிக்காது. ஆனால் மாலை வந்தால் விளக்கைச் சுற்றி மேகம் மாதிரி மொய்க்கும். தங்க வந்தவர்களுக்குத் தொந்தரவு. அதை ஒழிக்க டி.டி.டி.யின் சகோதரி மாதிரியான டி.டி.டி என்ற இன்னொரு மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பெயரும் தமிழில் ஒரே மாதிரி விழுவதால் இதை நாம் 'தங்கச்சி மருந்து' என்றே வைத்துக்கொள்வோம். மீனுக்கு இது அவ்வளவு கெடுதல் செய்யாது என்பதால்தான் இதை எடுத்தார்கள். அவசரப்பட்டுச் செய்த காரியம் இல்லை. ஏரியை அளந்து, தண்ணீரைக் கணக்கிட்டு, 1949இல் ஏழு கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து விட்டார்கள். நம் கணக்கில் 23 மூட்டை நெல்லுக்கு ஒரு மணி. இதை விஷம் என்று யாராவது சொல்வார்களா?

பூச்சி ஒழிந்தது. ஐந்து வருஷத்தில் திரும்ப வந்தது. 1954இல் கொஞ்சம் கூட்டி, ஐந்து கோடிக்கு ஒரு பங்கு விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏரிக்கரையில் பறவைகள் செத்துக் கிடந்தன. நம் குளங்களில் முக்குளிப்பான் என்று ஒரு சின்னப் பறவை முங்கி முங்கி மீன் பிடிக்குமே, அதன் இனத்தில் பெரியது. கழுத்து நீளம், வயிறு வெள்ளை. நூற்றுக்கு மேல் செத்திருந்தன. கோழிக்கு வருகிற மாதிரி ஏதோ தொற்று நோய் என்று நினைத்தார்கள். சோதித்தார்கள், நோய்க் கிருமி எதுவும் இல்லை. 1957இல் மூன்றாம் தடவை மருந்து விட்டார்கள். மறுபடியும் பறவைகள் செத்தன. மறுபடியும் கிருமி இல்லை.

அப்போதுதான் யாருக்கோ பறவையின் கொழுப்பை எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தால் பத்து லட்சத்துக்கு 1600 பங்கு தங்கச்சி மருந்து! 23 மூட்டைக்கு ஒரு மணி என்று ஆரம்பித்தது, ஒரே மூட்டையில் 4800 மணியாக ஆகியிருந்தது. அதாவது இரண்டு கைப்பிடி நெல். 1954இல் தண்ணீரில் விட்ட அளவோடு ஒப்பிட்டால் எண்பதாயிரம் மடங்கு.

எப்படி ஏறியது? படிப்படியாகப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். ஏரியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணுயிர்கள் மிதக்கும், அவற்றில் பத்து லட்சத்துக்கு 5 பங்கு. அவற்றையும் பாசியையும் தின்கிற சின்ன மீன்களில் 40 முதல் 300 வரை. மீனைத் தின்கிற மீனில் இன்னும் அதிகம். நம் கெளுத்திக்கு உறவான ஒரு மீனில் 2500 பங்கு. அதையெல்லாம் பிடித்துத் தின்ற பறவை கடைசியில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு படியிலும், தின்றது ஜீரணமாகிவிடுகிறது, மருந்து மட்டும் கொழுப்பில் தங்கிவிடுகிறது. கந்துவட்டி எப்படிக் குட்டி போடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் என்னை இன்றைக்கும் உலுக்குகிற விஷயம் வேறு. கடைசியாக மருந்து விட்டுக் கொஞ்ச நாளில் ஏரித் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். தண்ணீரில் மருந்து துளியும் இல்லை! தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டுப் போயிருந்தால் 'ஏரி சுத்தம்' என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரு காலத்தில் ஆயிரம் ஜோடிக்கு மேல் கூடு கட்டிய பறவை, 1960இல் சுமார் முப்பது ஜோடி. அந்த முப்பதும் கூடு கட்டியும் குஞ்சு கண்ணில் படவில்லை. ராச்சேல் கார்சன் அம்மையார் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற புத்தகத்தில் இந்த ஏரிக் கதையைச் சொல்லித்தான் உலகத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்.

அந்த நாளில் இந்த மருந்துகளை அளந்தது நிறத்தை வைத்து. 1945இல் அமெரிக்க விவசாயத் துறையின் ஷெக்டர், ஹாலர் இருவரும் வெளியிட்ட முறை. கொழுப்பிலிருந்து டி.டி.டி.யைப் பிரித்து, நைட்ரிக் அமிலம் முதலியவற்றோடு வேலை செய்து, கடைசியில் ஒரு கரைசலைச் சேர்த்தால் நல்ல நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மருந்து. நல்ல முறைதான். ஆனால் நிறைய மாதிரி வேண்டும், நாள் பிடிக்கும், ரொம்பக் குறைவாக இருந்தால் நீலமே தெரியாது. 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். அந்த 'இல்லை'க்கு 'எங்கள் கண்ணுக்குப் படவில்லை' என்றுதான் அர்த்தம்.

அந்தக் கண்ணைத் திறந்தவர் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர். 2022இல் தமது 103வது பிறந்த நாளன்று காலமானார். அவர் லண்டனில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், உறைய வைத்த உயிரணுக்கள் எப்படிச் சேதமாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி மருந்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அதே கட்டடத்தில் மார்ட்டின், ஜேம்ஸ் என்ற இருவர், கலந்து கிடக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஒரு குழாய்க் கருவியை 1952இல் செய்திருந்தார்கள். கொஞ்சம் கொழுப்பைக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தார் லவ்லாக். "இது போதாது ஐயா, இன்னும் கொண்டு வா. இல்லாவிட்டால் இதைவிடக் கூர்மையான கருவியை நீயே செய்" என்றார்களாம். அவர் இரண்டாவது வழியில் போனார்.

அந்தக் குழாய் எப்படிப் பிரிக்கிறது? சந்தைக் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டம் ஒரே நேரத்தில் தெருவுக்குள் நுழைகிறது. கையில் காசில்லாதவர் விறுவிறு என்று நடந்து முதலில் வெளியே வந்துவிடுவார். கடைக்குக் கடை நின்று விலை கேட்பவர் கடைசியில் வருவார். நீளமான குழாயின் உள்ளே ஒரு பூச்சு. நைட்ரஜன் போன்ற ஒரு வாயு பொருள்களைத் தள்ளிக்கொண்டு போகும். பூச்சில் ஒட்டி ஒட்டி வருகிற பொருள் தாமதமாக வரும், ஒட்டாதது முன்னால் வரும். எத்தனையாவது நிமிஷத்தில் வந்தது என்பதை வைத்து ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

வந்த ஆளை எண்ணுவதற்கு 1957இல் லவ்லாக் செய்தது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன அறை. அதற்குள் கதிரியக்கப் பொருள் கொஞ்சம். அது வாயுவிலிருந்து மின்துகள்களைக் கிளப்பிவிட, மெல்லிய மின்சாரம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். குளோரின் உள்ள பொருள் எது வந்தாலும் அந்த மின்துகளை விழுங்கிவிடும். மேலே ஒருவர் மடையைத் திறந்தால் கடைமடையில் தண்ணீர் குறையுமே, அதே கதை. குறைந்த அளவைப் பேனா காகிதத்தில் மலை மாதிரி கோடாக வரைந்துவிடும். டி.டி.டி.யில் குளோரின், பி.எச்.சி.யில் குளோரின், ஆல்டிரினில் குளோரின். ஊரில் எத்தனையோ பொருள் இருந்தாலும் இந்தக் கருவி இவற்றுக்குத்தான் அதிகமாகத் துள்ளும். நூறு கோடியில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று தேட முடிந்தது. பிறகு எங்கே தேடினாலும் அகப்பட்டது. பயிரே இல்லாத தென்துருவப் பனியில் வாழும் பெங்குவின் உடம்பில் டி.டி.டி. இருப்பதாக 1966இல் எழுதினார்கள். அங்கே யார் போய்த் தெளித்தார்கள்?

கருவி கூர்மையானதால் வேறொரு திருடனும் பிடிபட்டான். ஸ்வீடன் நாட்டில் சோரன் யென்சன் என்பவர் 1964 முதல் மீன்களிலும் பறவைகளிலும் டி.டி.டி.யைத் தேடிக்கொண்டிருந்தார். காகிதத்தில் டி.டி.டி. மலைக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத வேறு மலைகளும் வந்தன. புதிய பூச்சி மருந்தோ என்று பார்த்தால் பொருந்தவில்லை. அவர் செய்த காரியம் சாதாரணமானதல்ல. பொருட்காட்சி சாலைக்குப் போய், பஞ்சடைத்து வைத்திருந்த பழைய கடற்கழுகுகளின் இறகுகளை வாங்கிச் சோதித்தார். 1944ஆம் வருஷத்து இறகிலேயே அந்த மர்மப் பொருள் இருந்தது. அந்த வருஷத்தில் ஸ்வீடனில் டி.டி.டி. புழக்கத்துக்கே வரவில்லை. அப்படியானால் இது வயலிலிருந்து வந்ததல்ல! கடைசியில், மின்சார டிரான்ஸ்பார்மர் எண்ணெயிலும் பெயிண்டிலும் அப்போது கலந்துவந்த பி.சி.பி. என்ற ஆலைச் சரக்கு என்று 1966இல் அறிவித்தார். தம் வீட்டில் மனைவி, கைக்குழந்தை ஆகியோர் தலைமுடியிலும் அது இருந்ததைக் கண்டார். எல்லாப் பழியும் உழவன் தலையில் விழ இருந்த நேரத்தில் பாதிப் பழியை ஆலைக்கு மாற்றிக் கொடுத்தது ஒரு பழைய கழுகு இறகு.

அளவைக் கருவி உழவனைக் கெடுத்த கதையும் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் கிரான்பெரி என்று களாக்காய் மாதிரி ஒரு புளிப்புப் பழம். நவம்பர் மாதத்து நன்றித் திருநாளில் வீட்டுக்கு வீடு அது வேண்டும். அதில் ஒரு களைக்கொல்லியை அறுவடைக்குப் பிறகு மட்டும் அடிக்கலாம் என்று உத்தரவு. சில பேர் முன்னாலேயே அடித்துவிட்டார்கள். அந்த மருந்து எலிக்குப் புற்றுநோய் தருவதாகத் தெரிந்தது. புற்றுநோய் தரும் பொருள் உணவில் எள்ளளவும் கலக்கக்கூடாது என்று 1958இல்தான் சட்டம் வந்திருந்தது. 1959 நவம்பர் 9ந் தேதி, பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மந்திரி ஆர்தர் பிளெமிங் சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள் என்று அறிவித்துவிட்டார். வியாபாரம் படுத்துவிட்டது. தப்புச் செய்தவர் சிலர், அடிபட்டது எல்லோரும். அடுத்த வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் மோதப்போகிற கென்னடியும் நிக்சனும், ஒருவர் சாற்றைக் குடித்தும் ஒருவர் பழத்தைத் தின்றும் ஜனங்களுக்குத் தைரியம் காட்டினார்கள். தோட்டக்காரரைக் கைதூக்கிவிட்டதும் சோதனைதான். சோதித்துச் சுத்தம் என்று கண்ட சரக்கு, சோதித்தது என்ற சீட்டோடு கடைக்குப் போனது. பிறகு அரசாங்கம் நஷ்ட ஈடும் கொடுத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் பலர் சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி, வலிப்பு என்று விழுந்தார்கள். நூற்றுக்கு மேல் உயிர் போயிற்று. கோதுமை மாவு வந்த கப்பலில் பாரத்தியான், நாம் பாலிடால் என்போமே, அதுவும் வந்திருக்கிறது. ஒழுகி மாவில் கலந்துவிட்டது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அதிலிருந்து முளைத்ததுதான் 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம். இன்று மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று சாய்சதுரத்தில் பார்க்கிறீர்களே, அது இந்தச் சட்டத்தின் கீழ் 1971இல் வந்த விதிகளின்படி போடுவது.

பாலிடால் உடனே ஆளைக் காட்டிக் கொடுக்கும். பி.எச்.சி. பத்து சதத் தூள் அப்படியல்ல. நெல்லுக்குத் தூவினோம், வைக்கோலில் தங்கியது, மாடு தின்றது. தொழுவத்துச் சுவரில் மலேரியாவுக்காக டி.டி.டி. அடித்தோம். கொழுப்பைத் தேடிப் போகிற குணம் என்று சொன்னேனே, மாட்டின் உடம்பில் தினமும் வெளியே வருகிற கொழுப்பு எது? பால். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களில் 2205 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து 1993இல் அறிக்கை கொடுத்தது. நூற்றுக்கு 82 மாதிரியில் டி.டி.டி. இருந்தது. நூற்றுக்கு 37இல் வரம்புக்கு மேலேயே இருந்தது. கறந்தவர் யாரும் தண்ணீர்கூடக் கலக்காத பாலாக இருக்கலாம் அது. பயிருக்கு டி.டி.டி. அடிப்பதை 1989இலேயே நிறுத்தினார்கள். பி.எச்.சி. 1997 ஏப்ரல் முதல் தேதியோடு போனது. எண்டோசல்பானை 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது.

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதினைந்து நாள் ஆன காயில் மருந்து இருக்கிறதா என்று யார் பார்த்தது? டப்பாவின் தாளில் 'கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள்' என்று பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை யாரும் குத்துமதிப்பாகப் போடவில்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு பாத்தியில் சொன்ன அளவு அடிப்பார்கள், பக்கத்துப் பாத்தியில் அதைப் போல இரண்டு மடங்கு அடிப்பார்கள், ஏனென்றால் நம்மில் சிலர் அப்படித்தான் அடிப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கே, மறுநாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று காய் பறித்து, அரைத்து, மருந்தைப் பிரித்து, அந்தக் குழாய்க் கருவிக்குள் செலுத்துவார்கள். காகிதத்தில் மலை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வரும். எந்த நாளில் அது வரம்புக்குக் கீழே இறங்குகிறதோ, அந்த நாளை வைத்துத்தான் டப்பாவில் எண் போடுகிறார்கள். கத்தரிக்கு வேறு, வெண்டைக்கு வேறு, மருந்துக்கு மருந்து வேறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறிக்கிற வெண்டைத் தோட்டத்தில் பத்து நாள் காத்திருக்க வேண்டிய மருந்தை அடித்தால் நடுவில் ஐந்து பறிப்பு போய்விடும். அதனால் மருந்து வாங்கும்போது கடைக்காரரிடம் விலையைக் கேட்கிறதுக்கு முன்னாலேயே அந்த எண்ணைக் கேளுங்கள். தாளைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.